தொழிலாளர் வக்கீல் கூலியை வெட்டிய கதை

லாவல்! பிரெஞ்சு எழுத்தில் எழுதினால் ஐந்தே எழுத்து. இடப்புறமிருந்து படித்தாலும் லாவல். வலப்புறமிருந்து படித்தாலும் லாவல். நம் ஊரில் 'விகடகவி' என்று எழுதிக் காட்டிச் சிறுவர்கள் வேடிக்கை செய்வார்களே, அதே வேடிக்கைதான். பாரிஸ் நகரத்தார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஏனெனில் பெயரைப் போலவே ஆளும் இருந்தார். இடதுசாரியாக அரசியலில் நுழைந்தார், வலதுசாரியாக நாட்டை ஆண்டார்.

சிரித்தவர்கள் பின்னர் அழுதார்கள். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

எங்கோ ஐரோப்பாவில், இரண்டு உலகப் போர்களுக்கு இடையே மந்திரியாக இருந்த ஒருவரைப் பற்றி, ஆலையில் நூல் நூற்கும் தோழரும் ரயிலடியில் மூட்டை சுமக்கும் தோழரும் ஏன் அறிய வேண்டும்? நியாயமான கேள்வி. இதோ பதில்: பிறவிச் சீமான் ஒருவர் தொழிலாளியின் கூலியை வெட்டினால் அதில் வியப்பில்லை. ஆனால் தொழிலாளிக்காக வழக்காடியவர், தொழிலாளி தோளில் தூக்கி மேடையேற்றியவர், தொழிலாளியின் வாக்கு வாங்கிச் சட்டசபை சென்றவர் வெட்டினார் என்றால், அது எப்படி நேர்ந்தது என்று ஆராயத்தானே வேண்டும்?

பியர் லாவல் 1883-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள், பிரான்சு நாட்டின் நடுப்பகுதியான ஓவர்ன் மலைநாட்டில், சாத்தெல்தோன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை இறைச்சிக் கடைக்காரர். சிறியதொரு விடுதியும் நடத்தினார். தபால் மூட்டையை வண்டியில் ஏற்றி ரயிலடிக்குக் கொண்டுபோகும் குத்தகையும் எடுத்திருந்தார். படித்தது போதும், வேலைக்கு வா என்றார் தந்தை. பையன் தபால் வண்டி ஓட்டினான். ஆனால் புத்தகத்தை விடவில்லை. தேர்வெழுதித் தேறினான். பள்ளிகளில் மாணவர்களை மேய்க்கும் சிறு வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பு முடித்தான். இயற்கை அறிவியலில் பட்டம், அதன் பிறகு சட்டம்.

ஏழை வீட்டுப் பிள்ளை படித்து முன்னேறிய கதை! கைதட்ட வேண்டிய கதை! நாமும் தட்டுவோம். இதுவரை குற்றம் சொல்ல ஏதுமில்லை.

பாரிசுக்கு வந்தார். ஜோரே என்னும் பெருந்தலைவர் வழிநடத்திய சோஷலிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். வேலை நிறுத்தம் செய்து வழக்கில் சிக்கியவர்கள், சங்கம் வைத்ததற்காகச் சிறை செல்லவிருந்தவர்கள், இவர்களுக்காக வாதாடினார். உடலுழைப்பாளிகளுக்காக உழைக்கும் உடலுழைப்பு வக்கீல் நான் என்று தம்மைக் கூறிக்கொண்டார். வெடிமருந்து வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட மான்ஹெஸ் என்ற தொழிற்சங்கத் தோழரை அவர் வாதாடி விடுவித்தபோது, தொழிலாளர் வட்டாரமெங்கும் லாவலின் பேர் பரவிற்று.

1914-இல் பாரிசை அடுத்த தொழிலாளர் தொகுதியில் நின்றார், வென்றார். வயது முப்பதுதான். சபையின் மிக இளைய உறுப்பினர்களுள் ஒருவர். அந்த ஆண்டே போர் மூண்டது. போர் வந்தால் உடனே கைது செய்ய வேண்டிய ஆபத்தான ஆட்கள் என்று போலீசார் ஒரு பட்டியல் வைத்திருந்தனர். அதில் லாவலின் பெயரும் இருந்தது! அவ்வளவு சிவப்பு! அந்தக் கைதுகளை அரசாங்கம் செய்யவில்லை என்பது வேறு கதை.

இனித்தான் கவனிக்க வேண்டும், தோழர்களே.

1919 தேர்தலில் தோற்றார். 1920-இல் சோஷலிஸ்டுக் கட்சி இரண்டாகப் பிளந்தது. மாஸ்கோவை நோக்கிச் சென்றவர்கள் ஒருபுறம், பழைய வீட்டிலேயே தங்கியவர்கள் மறுபுறம். லாவல் எந்தப் புறமும் போகவில்லை. மெல்ல நழுவினார். "சுயேச்சை" ஆனார். அன்று முதல் அவரை அழைத்துக் கணக்குக் கேட்கக் கட்சி ஒன்று இல்லை. தீர்மானம் போட்டுக் கண்டிக்க மாநாடு ஒன்று இல்லை. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நிலைக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர், சுதந்திரம்!

1923-இல் பாரிசின் வடக்கேயுள்ள ஓபர்வில்லியே என்ற தொழிலாளர் பட்டணத்தின் மேயரானார். அந்தப் பதவியை 1944 வரை விடவில்லை. சிறு உதவிகள் செய்வதில் வல்லவர். விதவைக்கு உதவித்தொகை வேண்டுமா, பையனுக்கு வேலை வேண்டுமா, மேயரிடம் போ என்பார்கள். ஆளைக் கண்டதும் பெயர் சொல்லி அழைப்பார். கைகுலுக்கிய கையில் சிகரெட்டு, கழுத்தில் எப்போதும் வெள்ளைக் கழுத்துப்பட்டை. நம்மவர் என்றுதான் மக்கள் எண்ணினார்கள்.

நம்மவரின் கையில் இதற்கிடையே பணம் சேர்ந்துகொண்டிருந்தது. பத்திரிகை வாங்கினார். வானொலி நிலையத்தில் பங்கு வாங்கினார். பிறந்த ஊரின் ஊற்றுநீரைப் புட்டியில் அடைத்து விற்றார். எந்த ஊரில் தபால் வண்டி ஓட்டினாரோ, அந்த ஊரின் கோட்டை மாளிகையையே விலைக்கு வாங்கினார்! இறைச்சிக் கடைக்காரர் மகன் மாளிகைக்குச் சொந்தக்காரன் ஆனதில் பொறாமை கொள்ள நமக்கொன்றுமில்லை. ஆனால் மாளிகையின் சன்னலிலிருந்து பார்க்கும்போது ஊர் வேறுவிதமாகத் தெரியும். தெரிந்தது.

1925-இல் மந்திரி; 1926-இல் நீதி மந்திரி; 1927-இல் செனட் சபை உறுப்பினர். 1930-இல் தார்தியே என்னும் வலதுசாரிப் பிரதமரின் கீழ்த் தொழில் மந்திரி. நோயுற்ற தொழிலாளிக்கும் முதியோருக்கும் உதவும் சமூகக் காப்புச் சட்டத்தை அந்த ஆண்டு நிறைவேற்றிய பெருமையில் அவருக்கும் பங்குண்டு. உண்மையை மறைக்கலாகாது, நல்லது செய்தபோது நல்லது என்று சொல்ல வேண்டும்.

1931 ஜனவரியில் லாவல் பிரதமரானார். செப்டம்பரில் வெளிநாட்டு மந்திரி பிரியாந்துடன் பெர்லின் சென்றார்; அக்டோபரில் வாஷிங்டன் சென்று அமெரிக்க ஜனாதிபதி ஹூவரைக் கண்டார். அமெரிக்காவின் 'டைம்' ஏடு 1931-ஆம் ஆண்டின் மனிதர் என்று அவர் படத்தைத் தன் அட்டையில் போட்டது. தபால் வண்டிக்காரப் பையனை உலகமே திரும்பிப் பார்த்தது. 1932 பிப்ரவரியில் செனட் அவரைக் கவிழ்த்தது. சில மாதங்களில் மந்திரி பதவியும் போயிற்று; ஏறத்தாழ இரண்டாண்டு காத்திருந்தார்.

அந்த இரண்டாண்டில் பிரான்சு நாட்டில் என்ன நடந்தது? 1929-இல் அமெரிக்காவில் வெடித்த பொருளாதார மந்தம், சற்றுத் தாமதமாகப் பிரான்சுக்குள் புகுந்தது. தாமதமாக வந்த விருந்தாளி எளிதில் போவதாக இல்லை. பிரிட்டன் 1931 செப்டம்பரில் பவுனைத் தங்கத்தின் பிடியிலிருந்து விடுவித்து அதன் மதிப்பைக் குறைத்தது. அமெரிக்கா 1933-இல் அதையே செய்தது. பிரான்சு மட்டும், 1928-இல் நிர்ணயித்த தங்க மதிப்பையே பிடித்துக்கொண்டு நின்றது. விளைவு? பிறநாட்டுச் சரக்கு மலிவு, பிரெஞ்சுச் சரக்கு கிராக்கி. ஏற்றுமதி சுருங்கிற்று. ஆலைகள் நேரத்தைக் குறைத்தன. 1935 தொடக்கத்தில் பதிவு செய்துகொண்ட வேலையற்றோர் மட்டும் ஏறத்தாழ 5 லட்சம், பதியாதோர் வேறு.

இரண்டே வழி. ஒன்று, பிராங்கின் மதிப்பைக் குறைப்பது. மற்றொன்று, பிராங்கைத் தொடாமல், கூலியையும் விலையையும் செலவையும் குறைப்பது. முதல் வழிக்குப் பயம் இருந்தது, காரணமில்லாத பயமன்று. முதல் உலகப் போருக்குப் பிறகு பிராங்கு தன் பழைய மதிப்பில் ஐந்தில் நான்கு பங்கை இழந்திருந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்தவன் சேமிப்பு கரைந்ததைக் கண்ணால் கண்ட நாடு அது. ஆனால் அந்தப் பயத்தைத் தூபம் போட்டு வளர்த்தவர்கள் யார்? பிரான்சு பாங்கியின் பொதுக்குழுவில் உட்கார உரிமை, அதன் மிகப் பெரிய பங்குதாரர்கள் 200 பேருக்கு மட்டுமே அன்று இருந்தது. 40,000 பேர் பங்கு வைத்திருந்தாலும் வாய் திறக்கும் உரிமை 200 பேருக்கு! "இருநூறு குடும்பங்கள்" என்று அன்று பிரான்சின் தெருவெல்லாம் பேசப்பட்டது இதனால்தான்.

1935 ஜூன் 7-ஆம் நாள் லாவல் மீண்டும் பிரதமரானார். பிராங்கைக் காப்பாற்றுவதற்காக என்று சொல்லிச் சபையிடம் ஒரு தனி அதிகாரம் வாங்கினார். விவாதம் வேண்டாம், வாக்கெடுப்பு வேண்டாம். மந்திரிசபை கையெழுத்திட்டால் அது சட்டம்! அவசர ஆணை ஆட்சி! சில மாதங்களில் 500-க்கு மேற்பட்ட ஆணைகள் பறந்தன.

1935 ஜூலை 16. அன்று வந்த ஆணைகள் சர்க்காரின் எல்லாச் செலவையும் நூற்றுக்குப் பத்து வீதம் வெட்டின. ஆசிரியர் சம்பளத்தில் வெட்டு. தபால்காரர் சம்பளத்தில் வெட்டு. ஆம், தபால் வண்டி ஓட்டிய கை, தபால்காரர் சம்பளத்தை வெட்டிற்று! ஓய்வூதியத்தில் வெட்டு. போரில் அங்கம் இழந்து வந்தவனுக்கு நாடு கொடுத்த தொகையும் வெட்டுக்குத் தப்பவில்லை.

லாவலின் தரப்பையும் கேட்போம். "வாடகையையும் குறைத்தேனே! விளக்குக் கட்டணத்தையும் குறைத்தேனே! சர்க்கார் கடன் பத்திரத்தின் வட்டியிலும் பத்து வீதம் பிடித்தேனே! மிகக் குறைந்த சம்பளக்காரனுக்குக் குறைவாகத்தானே வெட்டினேன்!" என்பது அவர் தரப்பின் வாதம். எல்லாம் உண்மை. எல்லார் தட்டிலிருந்தும் ஒரு பிடி எடுத்தார். பத்து இட்டிலி தின்பவன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தால் அவனுக்குச் செரிமானம் நன்றாக ஆகும். இரண்டே இட்டிலி தின்று எழுபவன் தட்டில் கிள்ளினால்? சமமாக வெட்டினேன் என்று சொல்லும் கத்தி, தசை உள்ள இடத்தில் தசையை வெட்டும், எலும்பு மட்டும் உள்ள இடத்தில் எலும்பை வெட்டும்.

பொருளாதாரமாவது நிமிர்ந்ததா? சம்பளம் குறைந்தவன் வாங்குவதைக் குறைத்தான். வாங்குவது குறைந்ததும் கடைக்காரன் கொள்முதலைக் குறைத்தான். கொள்முதல் குறைந்ததும் ஆலை ஆளைக் குறைத்தது. வரி வசூல் குறைந்தது. எந்தப் பற்றாக்குறையைப் போக்குவதற்காகக் கத்தியெடுத்தாரோ, அந்தப் பற்றாக்குறை அப்படியே இருந்தது. எந்தப் பிராங்கைக் காப்பாற்றக் கூலியை வெட்டினாரோ, அந்தப் பிராங்கின் மதிப்பை 1936 இலையுதிர் காலத்தில் அடுத்த ஆட்சி குறைக்கத்தான் வேண்டியதாயிற்று. பிராங்கும் நிலைக்கவில்லை, கூலியும் போயிற்று!

ஆகஸ்டு மாதம் பிரெஸ்ட், தூலோன் துறைமுகங்களின் படைக்கலத் தொழிற்சாலைகளில் தொழிலாளர் கொதித்தெழுந்தனர். சம்பள வெட்டை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் மீது படை பாய்ந்தது. உயிர்கள் பலியாயின. தொழிலாளரைச் சிறையிலிருந்து மீட்கக் கறுப்பு அங்கி அணிந்தவரின் ஆட்சியில், தொழிலாளர் தெருவில் பிணமாயினர்.

உள்நாட்டில் இப்படி. வெளிநாட்டில்?

1934 அக்டோபரில் மார்சேல் நகரில் யுகோஸ்லாவிய மன்னர் அலெக்சாந்தர் கொலையுண்ட அன்று, உடன் சென்ற பிரெஞ்சு வெளிநாட்டு மந்திரி பார்த்தூவும் மாண்டார். அந்த இடத்துக்கு வந்தவர் லாவல். இட்லர் படை திரட்டிக்கொண்டிருந்த நேரம். இட்லரை அடக்க முசோலினியின் கை வேண்டும் என்று லாவல் கணக்குப் போட்டார். 1935 ஜனவரி 7-ஆம் நாள் ரோமாபுரியில் ஒப்பந்தம் செய்தார். அபிசீனியாவில் என் விருப்பம்போல் நடக்கலாம் என்று லாவல் சம்மதித்தார் என்றார் முசோலினி. வியாபார விஷயத்துக்கு மட்டுமே சம்மதித்தேன் என்றார் லாவல். யார் சொன்னது சரியோ, அக்டோபர் 3-ஆம் நாள் இத்தாலியப் படை அபிசீனியாவுக்குள் புகுந்தது. வேலும் பழைய துப்பாக்கியும் ஏந்திய மக்கள் மீது விமானம் குண்டு பொழிந்தது. நச்சு வாயுவும் பிறகு பொழிந்தது.

சர்வதேச சங்கம் கூடிற்று, கண்டித்தது, சில சரக்குகளைத் தடுத்தது. எண்ணெயைத் தடுத்திருந்தால் இத்தாலிய டாங்கி நின்றிருக்கும். எண்ணெயைத் தடுக்கவிடாமல் இழுத்தடித்தவர்களுள் முதல்வர் லாவல். டிசம்பரில் பிரிட்டிஷ் வெளிநாட்டு மந்திரி ஹோரைப் பாரிசுக்கு வரவழைத்தார். இருவரும் ஒரு திட்டம் தீட்டினர்: அபிசீனியாவின் பெருநிலத்தை இத்தாலிக்கு விட்டுவிடுவது, பதிலுக்கு அபிசீனியாவுக்குக் கடலைத் தொட ஒரு சந்து தருவது. வீட்டைத் திருடனுக்குக் கொடு, வாசற்படியை உனக்குத் தருகிறோம் என்ற பஞ்சாயத்து!

பாரிஸ் பத்திரிகைகள் இரகசியத்தை வெளியிட்டன. பிரிட்டனில் மக்கள் சீறினர். டிசம்பர் 18-ஆம் நாள் ஹோர் பதவி விலகினார். லாவல் ஒட்டிக்கொண்டார், 1936 ஜனவரியில் அவரும் விழுந்தார். அபிசீனியாவை விற்றாவது முசோலினியின் நட்பை வாங்கினாரா? அதுவும் இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் முசோலினி இட்லருடன் கைகோத்துவிட்டார்.

1936 மே மாதம் பிரெஞ்சு மக்கள் தீர்ப்பெழுதினர். சோஷலிஸ்டுகள், கம்யூனிஸ்டுகள், ராடிகல்கள் சேர்ந்த மக்கள் முன்னணி வென்றது. லியோன் புளூம் பிரதமரானார். தொழிலாளர் ஆலைக்குள்ளேயே அமர்ந்து வேலை நிறுத்தம் செய்தனர். ஜூன் மாதம் முதலாளிகள் இறங்கி வந்தனர்: கூலி உயர்வு, வாரம் 40 மணி நேர வேலை, ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை. லாவலின் சம்பள வெட்டுகள் மாற்றப்பட்டன. கடலையே காணாத பிரெஞ்சுத் தொழிலாளி அந்தக் கோடையில் மனைவி மக்களோடு முதன்முதலாகக் கடற்கரைக்குப் போனான்.

அந்த அலை நம் பக்கத்திலும் வீசிற்று. புதுவையும் காரைக்காலும் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. 1934-இல் சில மாதங்கள் குடியேற்ற நாட்டு மந்திரியாக இருந்த லாவலின் இலாகாவுக்குள் அவையும் அடக்கம். புதுவை ஆலைத் தொழிலாளர் உரிமை கேட்டுப் போராடினர். 1936 ஜூலை 30-ஆம் நாள் சவானா ஆலையில் துப்பாக்கி வெடித்தது. 12 தொழிலாளர் வீழ்ந்தனர். அதன் பிறகே, 1937-இல், சங்கம் வைக்கும் உரிமையும் வேலை நேர வரம்பும் புதுவைக்குச் சட்டமாக வந்தன. பாரிசில் பேச்சினால் கிடைத்தது புதுவையில் பிணத்தின் மேல் நடந்துவந்தது.

லாவல் என்ன செய்தார்? செனட்டில் உட்கார்ந்து, தம்மைக் கவிழ்த்த சபைமீது வஞ்சம் வளர்த்தார். நான்காண்டு காத்திருந்தார். 1940 ஜூனில் இட்லரின் படையிடம் பிரான்சு வீழ்ந்தது. ஜூலை 10-ஆம் நாள், விஷி நகரத்துச் சூதாட்ட மாளிகையில் கூடிய இரு சபைகளின் உறுப்பினர்களிடம், குடியரசின் அதிகாரம் முழுவதையும் 84 வயதுத் தளபதி பெத்தேனிடம் ஒப்படைக்கச் சொல்லி வேலை செய்தவர் லாவல். கெஞ்சினார், மிரட்டினார், ஆசை காட்டினார். சரி என்றவர் 569. முடியாது என்றவர் 80. அந்த 80 பேரின் பெயரைப் பிரான்சு இன்றும் போற்றுகிறது.

1935-இல் சபை அவருக்குச் சில மாதத்துக்குக் கடனாகக் கொடுத்த ஆணை அதிகாரம், 1940-இல் சபையையே விழுங்கிற்று. ஒரு முறை பூட்டைத் திறந்து சாவியைக் கொடுத்த பழக்கம்!

அந்த டிசம்பரில் பெத்தேன் அவரை விரட்டினார். 1942 ஏப்ரலில் செர்மானியர் விருப்பப்படி திரும்பினார். ஜூன் 22-ஆம் நாள் வானொலியில், செர்மனி வெல்ல வேண்டும் என்பதே தம் விருப்பம் என்று பேசினார். அதே பேச்சில் பிரெஞ்சுத் தொழிலாளரைச் செர்மானிய ஆலைக்குப் போகச் சொன்னார். கணக்கு என்ன தெரியுமா? தேர்ந்த தொழிலாளி மூவர் போனால் போர்க்கைதி ஒருவர் வீடு திரும்புவார்! மூன்றுக்கு ஒன்று! சந்தையில் ஆடு மாற்றுவதுபோல் ஆள் மாற்றினார். போதுமான பேர் போகவில்லை. 1943 பிப்ரவரியில் கட்டாயச் சட்டம் வந்தது. இளைஞர்கள் இலட்சக்கணக்கில் இழுத்துச் செல்லப்பட்டனர். பலர் காட்டுக்குத் தப்பி விடுதலைப் படையில் சேர்ந்தனர்.

1942 ஜூலை 16, 17 நாட்களில் பாரிசில் யூதர் வேட்டை. வேட்டையாடியது பிரெஞ்சுப் போலீசு. பிடிபட்டவர் சுமார் 13,000. அவர்களில் 4,000-க்கு மேல் குழந்தைகள். குழந்தைகளைச் செர்மானியர் முதலில் கேட்கவுமில்லை. குடும்பத்தோடு அவர்களையும் அனுப்பலாம் என்று முன்வந்தவர் லாவல். அனுப்பப்பட்ட அந்தக் குழந்தைகள் திரும்பவில்லை. கூலியில் பத்தில் ஒன்று வெட்டியவர், முடிவில் எதை வெட்டவும் கூசவில்லை.

1945-இல் பிடிபட்டார். அக்டோபரில் விசாரணை. அந்த விசாரணை நடந்த விதம் நன்றாக இல்லை. தீர்ப்பாளர்களே எழுந்து வசைபாடினர். பாதியில் இனி வரமாட்டேன் என்று லாவல் அறைக்குள் இருந்துவிட்டார். சாவு விதித்தனர். அக்டோபர் 15-ஆம் நாள் நஞ்சருந்தினார். மருத்துவர் வயிற்றைக் கழுவி எழுப்பி நிறுத்தியதும் சுட்டுக்கொன்றனர். துரோகிக்கும் ஒழுங்கான விசாரணை உண்டு என்று காட்டியிருந்தால் பிரான்சின் வெற்றி இன்னும் பெரிதாக இருந்திருக்கும். அவர் அழித்த சட்டத்தின் நிழலை அவருக்கும் கொடுத்திருக்க வேண்டும்.

தோழர்களே! லாவல் ஒரே இரவில் மாறினாரில்லை. ஒவ்வோர் அடிக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். கேட்டால் நியாயமாகவே இருக்கும். கட்சியை விட்டது சுதந்திரத்துக்காக. கூலியை வெட்டியது பிராங்குக்காக. அபிசீனியாவை விலைபேசியது சமாதானத்துக்காக. குடியரசைக் கொன்றது நாட்டுக்காக. ஓபர்வில்லியேத் தொழிலாளி, கைகுலுக்கிய கையின் சூட்டை நினைவில் வைத்திருந்தான். அந்தக் கை எந்த ஆணையில் கையெழுத்திட்டது என்று பார்க்க மறந்தான்.

ஆகவே தலைவனை அளக்க ஏழைக் குடிலில் பிறந்தான் என்ற பிறப்புச் சான்று போதாது. பழைய சிறைக்கணக்கும் போதாது. மூன்று கேள்வி கேளுங்கள். இவரை அழைத்துக் கணக்குக் கேட்க ஓர் அமைப்பு உண்டா? சபையைக் கேட்டுச் செய்கிறாரா, ஆணை போட்டுச் செய்கிறாரா? நெருக்கடி என்று சொல்லும்போது இவர் கத்தி முதலில் யார் தட்டைத் தொடுகிறது? சம்பள நாளன்று உறையைப் பிரித்து எண்ணும் தோழரே, மூன்றாவது கேள்விக்கு விடை உம் கையிலேயே இருக்கிறது. எண்ணிப் பாரும்!